ராமன் விளைவு கண்டறியப்பட்ட இடம் கல்கத்தா

சர் சி. வி. ராமனுக்கு நோபல் பெற்றுத்தந்த ஆய்வு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்ததாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்ந்துள்ளனர். அன்புடன் ஒரு திருத்தம். ராமன் பெங்களூருக்குச் சென்றது 1933இல்தான். அந்த ஆய்வின் பலனான ராமன் விளைவு (ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் மாறுவது) கண்டறியப்பட்டது 1928 பிப்ரவரி 28, பரிசு 1930இல். அப்போது அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 'பாலித் பேராசிரியர்' என்ற இயற்பியல் பேராசிரியர் பதவியில் இருந்தார். சோதனைகளைச் செய்தது கல்கத்தாவின் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில். உடன் உழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் பெயரும் விடுபடக் கூடாது.

சரிபார்ப்பது எளிது: நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1930 இயற்பியல் பக்கத்தைத் திறந்தால், பரிசு பெற்றபோது அவர் பணியாற்றிய இடம் கல்கத்தா பல்கலைக்கழகம் என்றே இருக்கிறது.