டிரில் போடலாம், ஆனால் அந்த ஜாக் டிரெய்லரைத் தூக்க இல்லை

"டிரில்லை முழு வேகத்தில் விட்டால் ஸ்டெபிலைசர் ஜாக்கே டிரெய்லரை மட்டமாக்கிவிடும், கட்டையெல்லாம் எதற்கு" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும், உள்ளே தங்கும் டிரெய்லரை நிறுத்தியதும் மூலைகளில் இறக்கும் கால்கள்தான் ஸ்டெபிலைசர் ஜாக்.) தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். டிரில் போடுவதில் தப்பே இல்லை, கையால் சுற்றிச் சுற்றித் தோள் வலிப்பதற்கு ஒரு சாக்கெட்டை மாட்டி இறக்குவது எவ்வளவோ மேல் (கத்தரிபோல் விரியும் ஜாக் பலவற்றுக்கும் முக்கால் அங்குல சாக்கெட்தான், எதற்கும் உங்களுடையதை அளந்துவிடுங்கள்). ஆனால் அந்த ஜாக் ஆட்டத்தைக் குறைக்கத்தான். எடையைத் தாங்க வேண்டியது சக்கரமும் முன்னால், காரில் மாட்டும் நீட்டுச் சட்டத்தில் இருக்கும் டங் ஜாக்கும். ஸ்டெபிலைசரை வைத்து ஒரு மூலையைத் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கதவு நிலையில் உரசுகிறது, சாத்த மாட்டேன் என்கிறது என்று புலம்ப வேண்டியதுதான்.

முதலில் தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றுங்கள், உருளாமல் அடை கொடுங்கள், பிறகு டங் ஜாக்கால் முன்பின் மட்டம், கடைசியில்தான் டிரில். டிரில்லின் கிளட்சை (எவ்வளவு விசையில் இறுக்கலாம் என்று வரம்பு வைக்கும் வளையம்) குறைத்து வைத்து, பாதம் மண்ணைத் தொட்டதும் நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கையால் இறுக்குங்கள். டிரில்லுக்குப் பதில் இம்பாக்ட் டிரைவர் போட்டால் அது தடதடவென்று அடித்துக்கொண்டே போகும், எங்கே இறுகியது என்றே கைக்குத் தெரியாது. திருகு துருவேறியிருந்தால் டிரில் சட்டென்று சிக்கி மணிக்கட்டைத் திருகிவிடும், பக்கக் கைப்பிடியை மாட்டிக்கொண்டே ஓட்டுங்கள்.