நாலு ஸ்டிக் கனவு வேண்டாம்
கணினிக்கு ராம் (தற்காலிக நினைவகம்) வாங்குவது பற்றிய இந்தக் கட்டுரை, "பின்னால் ஓவர்கிளாக் செய்ய இப்போதே இருப்பதில் வேகமான ராமை வாங்கிவிடுங்கள்" என்கிறது. ஓவர்கிளாக் என்றால் நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை ப்ராசஸருக்கு அது சரிவராது. அதற்கு டிடிஆர்5 வகை ராமில் 6000 வேகம்தான் கணக்கு. 6400-ஐத் தாண்டினால் பெரும்பாலும் ப்ராசஸருக்குள் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், கூடக் கொடுத்த காசு தண்டம். நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் 16 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு வாங்கி, பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது ராமை அதற்குச் சொன்ன முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் செய்து 6000-இல் ஒரு வருடம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் ஆசை விடவில்லை, அதே மாடலில் இன்னும் இரண்டு செருகினேன். கறுப்புத் திரை, போர்டில் மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான். நான்கு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி தருவதே 3600 தானாம். இப்போது அதில்தான் நொண்டுகிறது. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், ராமை "பாதி இப்போது, பாதி போனஸ் வந்ததும்" வாங்கலாம் என்கிறார். பேசாமல் போனஸ் வரும்வரை பொறுத்து, 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே கிட்டாக (ஜோடியாக விற்கும் பெட்டி) வாங்குங்கள்.