புத்தகம் பிடிக்கும் என்பதற்காக லைப்ரரி சயின்ஸ் சேராதீர்கள்

போன ஞாயிறு சேலம் அம்மாபேட்டையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தறி வைத்திருக்கிறார். நான் கல்லூரி நூலகர் என்று தெரிந்ததும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பாப்பா டிகிரி முடிச்சிருச்சுங்க. எந்நேரமும் புஸ்தகமும் கையுமாத்தான் இருக்கும். லைப்ரரி சயின்ஸ் படிக்க வெக்கலாமுங்களா? ஆனா எல்லாந்தான் போன்லயே வந்துருதே, இனிமே வேலை இருக்குமுங்களா?"

ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

படிக்கப் பிடிக்கும் என்பது இந்தப் படிப்புக்குத் தகுதியே கிடையாது. இத்தனை வருடத்தில் பணி நேரத்தில் நான் முழுதாகப் படித்து முடித்த நாவல் ஒன்றுகூட இல்லை. புத்தகம் பிடிக்கும் என்று வந்தவர்கள் ஆறே மாதத்தில், வரும் புத்தகங்களை எண் போட்டுப் பதிகிற அக்சஷன் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கொட்டாவி விடுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் அதைக் கண்டுபிடிக்கும்வரை சாப்பாடு இறங்காத ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்தத் தொழில் அவர்களுக்கானது.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் கதையும் இதைத்தான் சொல்கிறது. சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், சில நாளிலேயே தனிமை தாங்காமல் பழைய கல்லூரி முதல்வரிடம் வந்து, திரும்ப வகுப்புக்கே வந்துவிடுகிறேன் என்று நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பேசலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே நாலைந்து இரும்புப் பட்டைகள். மாற்றி மாற்றித் திருகினால் ஒரு முறை பாலம், ஒரு முறை கிரேன். ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோக்கலாமே என்று யோசித்ததில் பிறந்ததுதான், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் வகுத்து 1933-ல் வெளியான கோலன் பகுப்பு. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் என்று ஒரு புத்தகம் வந்தால் காபி, தண்டு, பூச்சித் தாக்குதல், ஏற்காடு, காலம் என்று பிரித்துக் கோப்பார்கள். இன்று ஆன்லைன் கடையில் விலை, நிறம், அளவு என்று பக்கவாட்டில் டிக் அடித்துப் பொருளைச் சலிக்கிறோமே, அதன் அடிப்படையும் இதே யோசனைதான்.

சரி, போனில்தான் எல்லாம் வருகிறதே என்ற இரண்டாவது கேள்வி.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஆய்வு மாணவி வந்தார். தலைப்பு, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளின் சடங்குகள். ஏதோ ஒரு ஏஐ செயலியிடம் கேட்டு எழுதி வாங்கிய ஐந்து பக்கத்தைக் காட்டினார். மொழிநடை அருமை. மூன்றாம் பக்கத்தில் ஏற்காட்டு மலையாளிகள் ஓணம் கொண்டாடுகிறார்கள்! நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இவர்கள் கேரளத்து மலையாளிகள் கிடையாது. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று அவர்களுடைய பழங்கதை சொல்கிறது. செயலிக்கு மலையாளி என்றால் ஒரே மலையாளிதான். இணையத்தில் எவர் அதிகமோ அவரைப் பற்றியே அது பேசும். கடைசிப் பக்கத்தில் இருந்த நூற்பட்டியலில் பாதி நூல்கள் உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது தனிக்கூத்து.

நான் செய்தது பெரிய வித்தையெல்லாம் இல்லை. "உனக்கு வேண்டியது இன்றைய சடங்கா, நூறு வருடத்துக்கு முந்தையதா?" என்று முதலில் கேட்டேன். இரண்டும் வேண்டுமாம். 1883-ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள், 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெஜட்டியர் மூன்றையும் எடுத்தோம். மலையாளி என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள், மலையின் பெயரும் அப்படியே. எல்லா வடிவத்திலும் தேடினால்தான் சிக்கும். இன்றைய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இன்ஃப்லிப்நெட் மையம் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் தளம். ஒரு மதியம் ஆனது. போகும்போது, "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க சார் தெரியும்?" என்றார். தெரியாது, எங்கே இருக்கும் என்று தெரியும் என்றேன். கொஞ்சம் அலட்டலாகத்தான் சொன்னேன்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். புதுமைப்பித்தன் ஒரு அட்டவணையில் அந்தப் பெயரில் இருப்பார், இன்னொன்றில் சொ. விருத்தாசலம். ஏற்காடு, ஏர்க்காடு, ஏரிக்காடு மூன்றும் மூன்று ஊராகப் பதிவாகியிருக்கும். இவற்றை ஒரே பெயரின் கீழ் கட்டுவதற்குப் படிப்பில் ஒரு பாடமே இருக்கிறது. மனப்பாடம் செய்து பாஸாகி மறந்துவிடுகிறார்கள். அதைவிட மோசம் எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு எழுத்துக் குறியீடு வருவதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு ஃபான்ட்டில் அடித்து வைத்த நூற்பட்டியல்களை இன்று திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்து ஒரே பூச்சிக் கோலம். புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, ஆனால் கணினியைப் பொறுத்தவரை அது இல்லை. இதைச் சரிசெய்யத் தமிழும் தெரிய வேண்டும், எழுத்துக் குறியீடும் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை நிலவரத்தையும் மறைக்க மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதியில் கல்லூரி நூலகருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் தொடக்கச் சம்பளம் ஒன்றுதான். முதுகலையும், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். அது தாளில். நான் முதலில் சேர்ந்த ஒரு தனியார் கல்லூரியில், பெயர் வேண்டாம், மே மாதம் வந்தால் என்னை நூலகத்தில் பார்க்க முடியாது. அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்பிவிடுவார்கள். கல்லூரியைச் சோதித்துப் பார்க்கக் குழு வருகிற வாரம் மட்டும் "லைப்ரரியன் சார்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இன்றும் பல இடங்களில் இதே கதைதான். அரசுப் பொது நூலகப் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுத வேண்டும். இடங்கள் கொஞ்சம், எப்போது அறிவிப்பு வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும்.

ஆகவே பட்டத்தை மட்டும் நம்பி வர வேண்டாம் என்பேன். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே துறை இருக்கிறது, வெளியூர் ஓட வேண்டியதில்லை. படிக்கும்போதே வீட்டுக் கணினியில் நூலக நிர்வாகத்துக்கான கோஹா மென்பொருளையும் மின்னூலகத்துக்கான டிஸ்பேஸையும் நிறுவி உடைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இலவசம்தான். இவை கைவந்தால் ஆய்வு நிறுவனம், மின்னூலகத் திட்டம், கம்பெனிகளின் ஆவணப் பிரிவு என்று நூலகர் என்ற பெயரே இல்லாத வேலைகளும் தெரிய ஆரம்பிக்கும்.

தறிக்காரரிடம் கை கழுவுமிடத்தில் ஒன்று மட்டும் கேட்டேன். "பாப்பா வீட்டுல தொலைஞ்ச சாமானத் தேடுமுங்களா?"

"அது ஒண்ணு இல்லைன்னா வீட்டையே கலைச்சுப் போட்டுருமுங்க."

சனிக்கிழமை கல்லூரிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பழைய பூச்சிக் கோலக் கோப்பு ஒன்று இருக்கிறது, அதைத்தான் முதலில் திறந்து காட்டப் போகிறேன்.