திருப்பூர் தமிழன்ஸ் 2025-ல் பிறந்த அணி அல்ல

'நேற்று முளைத்த திருப்பூர் அணி, முதல் சீசனிலேயே டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) கோப்பையை வென்றது. கொங்கு மண்ணுக்கு இதுதான் முதல் கோப்பை' என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வெற்றியில் சந்தேகமில்லை. 2025 ஜூலை 6 அன்று நத்தத்தில் நடந்த இறுதிப் போட்டியில் சாய் கிஷோர் தலைமையிலான ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ் 220 ரன் குவித்து, அஸ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸை 102-க்குச் சுருட்டியது. திருப்பூரின் தொடக்க வீரர்கள் துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் ஆடிய ஆட்டம் லேசில் மறக்காது.

ஆனால் இந்த அணியின் வேர் 2016-ல் இருக்கிறது. டிஎன்பிஎல் தொடங்கிய ஆண்டே களமிறங்கிய காரைக்குடி காளைதான் இது. 2019 வரை அதே பெயர். கொரோனாவால் 2020 சீசன் நடக்கவில்லை. 2021-ல் திருப்பூர் பெயரோடு வந்தது. அதன்பின் நான்கு சீசன்கள் கோப்பையில்லாமல் கடந்தன. அந்தக் காத்திருப்பை அழித்துவிட்டு 'முதல் முயற்சி' என்பது, தோல்வி கண்ட ஆண்டுகளிலும் கூடவே நின்ற ரசிகர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கொங்கின் முதல் கோப்பையோ கோவைக்கு உரியது. 2022-ல் கோவை எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்தில் இறுதிப் போட்டியை மழை கெடுக்க, கோவை கிங்ஸும் சென்னையின் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. 2023-ல் நெல்லையை வீழ்த்தி கோவை தனியாகவே வென்றது. 2024 இறுதிப் போட்டியில்தான் திண்டுக்கல்லிடம் தோற்றது.