எத்தனை வீதம் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்

எங்கள் ஊரில் யாராவது புதுப் பியர் போத்தல் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் வரும் கேள்வி "எத்தனை வீதம்?" என்பதுதான், அதாவது அதில் மதுசாரம் எவ்வளவு என்று. நாலரை என்றால் முகம் சுருங்கும். எட்டுக்கு மேல் என்றால் போத்தலுக்கே ஒரு மரியாதை வந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன். இந்தப் பங்குனிக் கடைசியில் அது மாறியது.

ஜேர்மனியில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்திருந்தான். பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே துவாயில் சுற்றிய ஐந்து போத்தல்கள். எல்லாம் சின்னப் பியர் ஆலைகளின் கிராஃப்ட் பியர்கள், ஒவ்வொன்றும் ஒரு வகை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். நாலாவது ஆள் நிலாவெளிப் பக்கம் கள்ளிறக்கும் சீவல் தொழில் செய்கிற ஒரு அண்ணை. அவரைக் கூப்பிட்டது நான்தான். அவருடைய நாக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பியர் போட்டிகளில் நடுவர்கள் பயன்படுத்தும், பியர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஜேசிபி என்ற அமெரிக்க அமைப்பின் புள்ளித்தாளை அச்செடுத்து வைத்திருந்தேன். மொத்தம் 50 புள்ளி. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் அது நிற்கும் விதத்துக்கு 5, முழுதாக மனதில் பட்டதற்கு 10. வெறிக்கென்று தனியாக ஒரு புள்ளிகூட இல்லை. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதையும் கவனியுங்கள். மூக்குக்கும் நாக்குக்கும்தான் அங்கே வேலை.

முதலில் கோதுமைப் பியர். மச்சான் முக்கால்வாசியைக் கிளாஸில் சாய்த்து ஊற்றினான். மிச்சத்தைப் போத்தலோடு மெல்லச் சுழற்றி, அடியில் படிந்திருந்த, நொதிக்க வைக்கும் ஈஸ்டைக் கலக்கி மேலே விட்டான். பியர் மோர்த்தண்ணி போலக் கலங்கியது. நுரை கிளாஸுக்கு மேலே இரண்டு விரல் உயரம் நின்றது. அண்ணை வாய் வைக்கவில்லை, முதலில் மோந்து பார்த்தார். "தம்பி, இதுக்குள்ள வாழைப்பழம் போட்டிருக்கா?" என்றார். போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே வாழைப்பழ வாசமும் கராம்பு வாசமும் உண்டாகும். வாழைப்பழத்தில் இருக்கும் அதே வாசனைப் பொருள்தான் இதிலும் இருக்கிறது.

இதே வாழைப்பழ வாசம் அடுத்து ஊற்றிய பில்ஸ்னரில் வந்திருந்தால் புள்ளி குறைத்திருப்போம். 1842இல் செக் நாட்டுப் பில்சன் நகரில் பிறந்த பியர் அது. பொன்னிறமாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக, முளைகட்டிய பார்லியும் கைப்பும் வாசமும் தரும் ஹொப்ஸ் பூவும் மட்டும் பேச வேண்டிய இடம். ஒன்றுக்கு அழகானது மற்றதுக்குக் குற்றம். பியரை மதிப்பிடுவது என்றால் எனக்கு இதுதான். அது என்னவாக வர நினைத்ததோ, அப்படி வந்திருக்கிறதா என்று பார்ப்பது.

ஹொப்ஸ் தூக்கலாக இருக்கும் ஐபிஏ என்ற பியரைக் குடித்ததும் மற்ற நண்பன் "கைக்குது" என்று கிளாஸைத் தள்ளி வைத்தான். பாகற்காய்க் கறி கைக்கிறது என்று யாராவது குறை சொல்வோமா? அந்தக் கைப்புக்குப் பின்னால் தோடம்பழத்தோல் வாசமோ மாம்பழ வாசமோ எழும்புகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். நாங்கள் குடித்ததில் கைப்பு இருந்தது, வாசம் செத்துப்போயிருந்தது. போத்தல் பழசு. ஹொப்ஸ் வாசம் நாளாக ஆகக் கரைந்துவிடும். அதனால் 50க்கு 26தான் போட்டேன், வருத்தத்தோடு.

கோசே என்ற ஜேர்மன் பியரில் உப்பும் கொத்தமல்லியும் உண்டு, லேசான புளிப்பும் உண்டு. பொரித்த சூடை மீனோடு அதைக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். கடற்கரை ஊரில் அது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

பெல்ஜியத்து லாம்பிக்தான் கடைசி வெளிநாட்டுப் போத்தல். அதற்கு ஈஸ்ட் எதுவும் சேர்ப்பதில்லை. ஆறவைக்கும்போது காற்றிலும் பிறகு மரப்பீப்பாயிலும் இருக்கிற ஈஸ்டே வந்து நொதிக்க வைக்கும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து, விழுங்கினார். "இது ரெண்டாம் நாள் கள்ளு" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் கள்ளு முட்டியில் நடப்பதும் அதேதான். பாளையிலிருந்து சொட்டும் இனிப்புச் சாற்றை முட்டியிலும் காற்றிலும் உள்ள ஈஸ்டே பிடித்துக்கொள்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது நொதிக்காமல் கருப்பணியாக நிற்கும். பூசாவிட்டால் கள்ளு. அதை எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்டுகொண்ட நாக்கு அவருடையது.

அப்புறம் நம்முடைய கறுப்புப் பியர், லயன் ஸ்டவுட். இங்கேயே வாங்கியது, 8.8 வீதம். அதே பிஜேசிபியின் வகைப் பட்டியலில் "டிராபிக்கல் ஸ்டவுட்" என்ற வகைக்கு உதாரணமாகப் பெயர் சொல்லப்படும் பியர்களில் இதுவும் ஒன்று. இந்த வகை எப்படி இருக்க வேண்டும் என்று படிக்கிறவர்கள் இலங்கைப் போத்தலைத் தேடிக் குடிக்கிறார்கள். நாங்கள் அதைப் பல் கூசும் குளிரில், நாக்கு மரத்துப்போன பிறகு, அந்த 8.8க்காக மட்டும் விழுங்குகிறோம். எனக்கு இது உண்மையிலேயே மனதை அறுக்கிறது. அன்றைக்குக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் விட்டோம். வறுத்த கோப்பி, கொஞ்சம் சொக்லேட், அடியில் பனங்கட்டிப் பாகு. பல வருடம் குடித்த பியரை அன்றுதான் சுவைத்தேன். 41 போட்டேன்.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. பச்சைப் போத்தல், வெள்ளைப் போத்தல் பியரை வாசலில் வெயில் படும்படி அடுக்காதீர்கள். வெளிச்சம் ஹொப்ஸைக் கெடுத்து அழுகின வெங்காயம் போல ஒரு நாற்றத்தைக் கொண்டுவரும். மண்ணிறப் போத்தல் இருப்பதே அதைத் தடுக்கத்தான். போன மாதம் நகரத்தில் ஒரு கடையில் வாங்கியதை அப்படியே கொட்ட வேண்டி வந்தது.

மறுநாள் காலை அண்ணையோடு நிலாவெளித் தோப்புக்குப் போனேன். புள்ளித்தாள் ஒன்று மிச்சம் இருந்தது. கள்ளை இறக்கின கையோடு பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்தார். பால் வெள்ளை, மெல்லிய நுரை, இனிப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கடுப்பு. 38 எழுதினேன். அண்ணை தாளை எட்டிப் பார்த்தார். "இந்தப் பாளை முத்திப்போச்சு தம்பி, கூடப் போட்டுட்டீங்க. முப்பத்திரெண்டு போதும்" என்றார். திரும்ப ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு துவர்ப்பு. அவர் சொன்னது சரி. 38ஐ வெட்டி 32 என்று எழுதினேன்.