பெல்ட் குற்றமில்லை, துப்பாக்கிதான் கேள்வி
அமெரிக்காவில் பெல்ட்டில் கோத்த தோட்டாக்களை வைத்திருந்தாலே சிறை என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. மத்தியச் சட்டம் பெல்ட்டைப் பார்ப்பதில்லை, சுடும் கருவியைத்தான் பார்க்கிறது. இயந்திரத் துப்பாக்கிக்குப் பதிவும் வரியும் 1934-லேயே வந்துவிட்டன. 1986 மே 19-க்குப் பிறகு தனியாருக்குப் புதிதாகப் பதிவும் கிடையாது. ஆனால் பழைய பிரவுனிங் 1919 இயந்திரத் துப்பாக்கியின் 250 தோட்டா துணி பெல்ட்டைச் சேகரிப்பாளர் அலமாரியில் வைக்க மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

சிக்கல் மாநிலங்களில்தான். 1994-இல் வந்து 2004-இல் காலாவதியான மத்தியத் தடை, பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்களோடு (துப்பாக்கியில் பொருத்தும் தோட்டாப் பெட்டிகள்) பெல்ட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. நியூயார்க் மாநிலச் சட்டத்தில் அதே வரி இன்னும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. உலோக பெல்ட்டைக் கோக்கும் எம்13 வகை இணைப்பு ஒவ்வொன்றும் சிறிய இரும்புத் துண்டுதான். அடுத்தடுத்த துண்டுகளைக் கோத்துப் பிடிப்பதே தோட்டாதான். சுடச்சுடக் கழன்று விழும். அப்படியானால் ஒரு பை நிறையக் கிடக்கும் தனித் துண்டுகளின் கொள்ளளவு எத்தனை? சட்டம் எழுதியவர்கள் ஒரு பெல்ட்டையாவது கையில் எடுத்துப் பார்த்தார்களா என்றே தோன்றுகிறது.

சரி, காட்சிக்கு மட்டும் வேண்டுமென்றால் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத, பக்கவாட்டில் துளையிட்ட டம்மி தோட்டாக்களே போதும். அவற்றில் வெடிக்க எதுவும் இல்லை. வாங்குமுன் உங்கள் மாநில விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.