வனெசா வண்ணத்துப்பூச்சி அல்ல

வெள்ளவத்தைத் திருமண மண்டபமானாலும் கொட்டாஞ்சேனைத் தேவாலய வாசலானாலும், என் மகளின் பெயரைக் கேட்டவுடன் "வனெசா என்றால் கிரேக்கத்தில் வண்ணத்துப்பூச்சி" என்று யாராவது அடித்துச் சொல்லாமல் விடுவதில்லை. எந்தக் கிரேக்கத்தில்? அயர்லாந்து எழுத்தாளர் ஜொனதன் ஸ்விஃப்ட், தம் தோழி எஸ்தர் வன்ஹோம்ரியின் குடும்பப் பெயரிலிருந்து 'வன்' என்பதையும், எஸ்தரின் செல்லவடிவமான 'எஸ்ஸா'வையும் ஒட்டி உருவாக்கி, 1726இல் அச்சான கவிதையொன்றால் உலகறியச் செய்த பெயர் அது. டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரிசியஸ் அதை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பேரினத்துக்குச் சூட்டியதோ அதற்கும் 81 ஆண்டுகள் கழித்து, 1807இல். இதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? பெயர்ப் புத்தகத்திலும் அதே பொய், கைபேசியிலும் அதே பொய், பிறந்தநாள் கேக்கிலும் சிறகு! ஒரு பெண்ணின் பெயரை வெட்டி ஒட்டிப் பிறந்த பெயரிலிருந்து அந்தப் பெண்ணையே துடைத்துவிட்டு, அங்கே ஒரு பூச்சியைக் குடிவைக்க இவர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறது?